அவசர ஊர்தியில் உடற்கூறு: நோயாளியை மதிப்பிடும் முறை

அவசரகால மருத்துவ நுட்புநர் என்பவர் விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடி, பிரசவம் போன்ற அவசர நிலைகளில் நோயாளி இருக்கும் இடத்துக்கே சென்று, உயிர் காக்கும் முதல் சிகிச்சையைத் தந்து, மருத்துவமனை வரை உடன் செல்லும் பயிற்சி பெற்ற பணியாளர் ஆவார். பேச்சு வழக்கில் இவரை இ.எம்.டி. என்பார்கள். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. ஒவ்வொரு ஊர்தியிலும் ஓட்டுநர் ஒருவரும் நுட்புநர் ஒருவரும் இருப்பர். ஓட்டுநரை அங்கே 'பைலட்' என்றே அழைக்கிறார்கள். செவிலியர் படிப்பு முடித்தவர்களும் விலங்கியல், தாவரவியல் போன்ற உயிர் அறிவியல் பட்டதாரிகளும் பயிற்சி பெற்று இப்பணிக்கு வருகிறார்கள்.

இவர்கள் கற்கும் அடிப்படை உடற்கூற்றையும் நோயாளியை மதிப்பிடும் முறையையும், தாமிரபரணிக் கரையில் நடக்கக்கூடிய நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 50 கி.மீ. மாஞ்சோலையிலிருந்து என்றால் மலைப்பாதையில் மணிமுத்தாறுக்கு இறங்கிய பிறகுதான் சமவெளிச் சாலையே தொடங்கும். அந்தத் தொலைவைக் கடக்கும் நேரம் முழுவதும் நோயாளியின் உயிர் ஊர்தியில் இருக்கும் அந்த ஒருவரின் கண்ணையும் கையையும் நம்பித்தான் இருக்கிறது. கீழே சொல்லப்படும் கைமுறைகளைப் படித்து மட்டும் செய்துவிட முடியாது. முறையான முதலுதவிப் பயிற்சி வேண்டும்.

பாடநூல் வரிசையும் உயிர் போகும் வரிசையும்

பள்ளியில் மனித உடலை மண்டலம் மண்டலமாகக் கற்பிக்கிறோம். எலும்பு மண்டலம், தசை மண்டலம், செரிமான மண்டலம் என்று போகும். வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள் என்று எழுதினால் ஒரு மதிப்பெண். தேர்வுக்கு அது போதும். நுட்புநருக்கு அந்த வரிசை உதவாது. அவர் முன்னால் இருக்கும் கேள்வி வேறு: இந்த மனிதர் எதனால் முதலில் இறந்துவிடக்கூடும்?

விடையும் உடலுக்குள்ளேயே இருக்கிறது. மூளைக்கு உயிர்வளி சேமிப்பு கிடையாது. அது நின்றுபோனால் 4 முதல் 6 நிமிடங்களில் மூளைச் செல்கள் சேதமடையத் தொடங்கும். பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தான அளவு இரத்தம் வெளியேறிவிடும். கை எலும்பு முறிந்தால் வலி பொறுக்க முடியாது. ஆனால் அதனால் அந்த மணி நேரத்தில் யாரும் சாவதில்லை. எனவே பீறிட்டு ஓடும் இரத்தம், காற்றுப் பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நரம்பு நிலை, அதன் பிறகு உடலின் மற்ற பகுதிகள் என்று மதிப்பீடு அமைகிறது. ஒரு படியில் குறை கண்டால் அதைச் சரி செய்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். இந்த வரிசையை உலகெங்கும் ஆங்கில எழுத்துகளின் வரிசையில் ஏ, பி, சி, டி, இ என்று மனப்பாடம் செய்கிறார்கள்.

நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனம் ஒன்று சறுக்கி இருவர் விழுந்து கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு அலறுகிறார். மற்றவர் சத்தமில்லாமல் கிடக்கிறார். கூட்டம் முழுக்க அலறுபவரைச் சுற்றித்தான் நிற்கும். நுட்புநர் போக வேண்டியது பேசாமல் கிடப்பவரிடம். அலறுகிறவருக்குக் காற்றுப் பாதை திறந்திருக்கிறது, நுரையீரல் வேலை செய்கிறது, குரல் எழுப்பும் அளவுக்கு மூளைக்கு இரத்தம் போகிறது. ஒரே சத்தத்தில் முக்கியமான சோதனைகள் பலவும் முடிந்துவிட்டன. அவருக்குச் சிகிச்சை வேண்டாம் என்பதல்ல. சில நிமிடம் அவரால் காத்திருக்க முடியும்.

முதலில் இடம்

நோயாளியைத் தொடுவதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பி, கசியும் எரிபொருள், வேகம் குறையாமல் வரும் லாரி ஆகியவை உதவ வந்தவரையும் நோயாளியாக்கிவிடும். ஆற்றில் இது இன்னும் கடுமை. தாமிரபரணியில் படித்துறைக்குப் பக்கத்திலேயே பாறை இடுக்குகளும் சுழல்களும் உண்டு. மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதித்தவர் சேர்ந்தே மூழ்கிய செய்திகளை நம் ஊர் நாளிதழ்களில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். கயிறு, வேட்டி, நீளக் கம்பு, காற்றடைத்த டியூப் எதுவானாலும் கரையில் நின்றபடி நீட்டுவதும் எறிவதுமே சரி. நீரிலிருந்து மீட்பது தீயணைப்புத் துறையினரின் வேலை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆறே ஊருக்குள் வந்தபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு வெள்ளத்தில் சிக்கி நின்றது. சாலைகள் துண்டிக்கப்பட்ட அத்தகைய நாளில் இடத்தை மதிப்பிடுவது என்றால், ஊர்தி அங்கே போகவும் திரும்பவும் முடியுமா என்ற கேள்வியும் அதில் அடங்கும்.

இடம் சாட்சியும் சொல்லும். பனைமரத்தடியில் கிடப்பவர் என்றால் முதுகெலும்பை நினைக்க வேண்டும். வயல் வரப்பில் மருந்தடிக்கும் தெளிப்பானோடு கிடப்பவரிடம் பூச்சிக்கொல்லியைச் சந்தேகிக்க வேண்டும். அவர் வாயில் எச்சில் வழிந்து, வியர்த்துக் கொட்டி, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அவரது உடையில் படிந்திருக்கும் மருந்து உதவுகிறவரின் தோல் வழியாகவும் ஏறும் என்பதால் கையுறை கட்டாயம்.

விபத்து இடத்தில் நிற்பவர்கள் போலீஸ், சாட்சி என்று பயந்து ஒதுங்குவது பழைய வழக்கம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவருக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. தம் பெயரையும் விவரத்தையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பள்ளிகளில் இதைச் சாலைப் பாதுகாப்பு வாரத்தில் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். போதாது.

காற்று போகும் வழி

வாயும் மூக்கும் தொண்டையில் ஒன்று சேர்கின்றன. அங்கிருந்து முன்பக்கம் குரல்வளை வழியாக மூச்சுக்குழலும், பின்பக்கம் உணவுக்குழலும் பிரிகின்றன. விழுங்கும்போது குரல்வளை மூடி என்னும் சிறு மடல் மூச்சுப் பாதையின் வாயை அடைத்துக்கொள்கிறது. விழிப்பாக இருப்பவருக்கு இது தானே நடக்கும், தவறி நீர் நுழைந்தாலும் புரையேறி இருமித் தள்ளிவிடுவார். மயங்கியவரிடம் இந்த இரண்டு காவலும் இல்லை. நம் ஊரில் மயங்கி விழுந்தவர் வாயில் உடனே சோடாவையோ தண்ணீரையோ ஊற்றுவார்கள். அது நேராக மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும்.

மயக்கத்தில் பாதையை அடைப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த பொருள் அல்ல, நோயாளியின் சொந்த நாக்குதான். நாக்கு கீழ்த்தாடையோடு இணைந்த தசை. மல்லாந்து கிடப்பவருக்குத் தசை தளர்ந்ததும் அது பின்னால் சரிந்து தொண்டையை மூடுகிறது. எனவே நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மறு கை விரல்களால் முகவாயைத் தூக்கினால் தாடையோடு நாக்கும் மேலே வந்து வழி திறக்கிறது. கருவி எதுவும் வேண்டாத இந்த ஒரு கைவேலை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது.

கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் தலையைச் சாய்க்கக் கூடாது. காதுக்குக் கீழே தாடை எலும்பு வளையும் இடத்தில் இரு கை விரல்களையும் வைத்து, தாடையை மட்டும் முன்னோக்கித் தள்ள வேண்டும். கழுத்தில் 7 முள்ளெலும்புகள் இருக்கின்றன. மூச்சுக்கு முதன்மையான தசையாகிய உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் பகுதிகளிலிருந்து புறப்படுகிறது. பனையேறி ஒருவர் விழுந்து அந்த உயரத்தில் தண்டுவடம் அறுபட்டால் கைகால் மட்டுமல்ல, மூச்சும் நின்றுபோகும். அதற்குச் சற்றுக் கீழே அறுபட்டால் வயிறு மட்டும் ஏறி இறங்கும், மார்புத் தசை அசையாது. விழுந்தவரைத் தோளும் காலுமாகப் பிடித்து மடக்கி ஆட்டோவில் திணிப்பது, முறிந்தும் அறுபடாமலிருந்த தண்டுவடத்தை அறுத்துவிடலாம். கழுத்துப் பட்டையும் பலகையும் ஊர்தியில் இருப்பது இதற்காகவே.

பாதையைக் காதாலும் சோதிக்கலாம். குறட்டை போன்ற ஒலி நாக்குச் சரிந்ததைக் காட்டும். களகளவென்ற ஒலி வாந்தியோ இரத்தமோ தேங்கியிருப்பதைச் சொல்லும். மூச்சை உள்ளிழுக்கும்போது கேட்கும் கீச்சொலி குரல்வளை சுருங்கியிருப்பதன் அடையாளம். எந்த ஒலியும் இல்லாமல் மார்பு மட்டும் போராடினால் அடைப்பு முழுமையானது.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் ஆற்றல் ஏதுமில்லை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கும், சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. செய்ய வேண்டியது வாயில் எதையும் வைக்காமல் அவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பதுதான். எச்சில் வெளியே வழியும், நாக்கும் பக்கவாட்டில் சரியும்.

மூச்சு

பன்னிரண்டு இணை விலா எலும்புகள் சேர்ந்த கூட்டுக்குள் நுரையீரல்கள் இருக்கின்றன. அடியில் கூடாரம் போல வளைந்த உதரவிதானம். மூச்சை வெளிவிடும்போது அது மார்புக் காம்பின் மட்டம் வரை மேலே எழும்பும். ஆகவே கீழ் மார்பில் பட்ட குத்துக்காயம் வயிற்றுக் காயமாகவும் இருக்கலாம். வலப்பக்கம் கல்லீரலும் இடப்பக்கம் மண்ணீரலும் அந்த விலாக்களின் நிழலில்தான் இருக்கின்றன.

வளர்ந்தவர் ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60 வரை இயல்பு. நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பை எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். நோயாளியின் அளவீடுகளில் எண்ணாமலே எழுதப்படுவது இதுதான். எல்லாருக்கும் 18 என்று குறிக்கும் சோம்பல் உலகெங்கும் உண்டு. ஆனால் உடல் நிலை மோசமாகும்போது முதலில் மாறும் எண்களில் மூச்சு வேகமும் ஒன்று.

கொரோனா காலத்தில் வீடு வீடாக அறிமுகமான விரல் கருவி, பல்ஸ் ஆக்சிமீட்டர், இரத்தத்தில் உயிர்வளியின் அளவைக் காட்டுகிறது. 94 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கவனம் தேவை. விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அது தவறாகக் காட்டலாம். மூடிய அறையில் புகையை உள்ளிழுத்தவரிடம் கார்பன் மோனாக்சைடு கலந்த இரத்தத்தையும் நல்ல இரத்தமாகவே கணக்கிட்டு 99 என்று காட்டும். கருவி நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் நோயாளி ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் திணறினால், நோயாளியை நம்புங்கள்.

ஆற்றில் மூழ்கியவரிடம் காற்றுக்கே முதலிடம். மாரடைப்பில் முதலில் இதயம் நிற்கிறது, பிறகு மூச்சு. நீரில் மூழ்கும்போது காற்றில்லாமல்தான் இதயம் நிற்கிறது. அதனால் மூச்சற்றுக் கிடப்பவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்தோ ஆம்பு பை மூலமாகவோ மூச்சுக் கொடுத்து, பிறகு மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும் பயன் தராது. இரைப்பையில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் இறங்கும், நேரமும் போகும். மீட்கப்பட்டு எழுந்து உட்கார்ந்து பேசுகிறவர்கூட மூச்சுத் திணறலோ இருமலோ இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீர் புகுந்த நுரையீரல் சில மணி நேரம் கழித்து மோசமடைவதுண்டு.

இரத்தம் எங்கே போகிறது

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. மூடிய கைமுட்டி அளவுள்ள இதயம் அதை நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்புகளில் சுற்ற வைக்கிறது. அந்த அலையை விரலால் உணரும் இடங்கள் சில. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், குரல்வளைக்குப் பக்கவாட்டில் கழுத்துத் தமனி, தொடை இடுக்கு, கைக்குழந்தைக்கு மேற்கையின் உட்புறம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால், மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பது இவ்வூருக்குப் பழக்கமான காட்சி. நுட்புநர் வைப்பது ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அவர் பார்ப்பது எண்ணிக்கை, சீர், வலு. கட்டைவிரலில் அதற்கே ஒரு துடிப்பு இருப்பதால் அதை வைக்கக் கூடாது.

இந்தப் பாடத்தில் நான் மிக முக்கியமாகக் கருதும் செய்தி இனி வருவது. இரத்தம் குறையும்போது உடல் சும்மா இருப்பதில்லை. இதயத்தை வேகமாக ஓட்டுகிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை ஒதுக்குகிறது. முதல் 750 மி.லி. போகும் வரை வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. ஒன்றரை லிட்டர் வரை போகும்போது நாடி 100-ஐத் தாண்டும், மூச்சு வேகம் கூடும், தோல் வெளிறிச் சில்லிடும், ஆள் பதற்றமாக இருப்பார். இரத்த அழுத்தமோ அப்போதும் 120, 110 என்றுதான் நிற்கும். ஏறத்தாழ 30 விழுக்காடு இழந்த பிறகே அது சட்டென்று சரியும். சரிந்துவிட்டால் மீட்க மிகக் குறைந்த நேரமே இருக்கும். 'பி.பி. நார்மலாத்தான் இருக்கு' என்ற வாக்கியம் அடிபட்டவரைப் பொறுத்தவரை எந்த உறுதியும் தருவதில்லை. கையைத் தொட்டுப் பார்ப்பது, நாடியை எண்ணுவது, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு 2 நொடிக்குள் திரும்புகிறதா என்று பார்ப்பது ஆகியவை அதற்கு முன்பே சொல்லிவிடும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. இரத்தக் கொதிப்புக்கும் இதய நோய்க்கும் சிலர் சாப்பிடும் மாத்திரைகள் நாடி ஏறவிடாமல் தடுக்கும். அவரிடம் நாடி 80 என்பதும் ஆறுதல் அல்ல.

வெளியே தெரியும் காயத்தை மட்டும் தேடினால் ஏமாறுவோம். இரத்தம் மறைந்து தேங்கும் இடங்கள் நான்கு: மார்பு, வயிறு, இடுப்பு, தொடை. ஒரு தொடை எலும்பு முறிந்தால் தோல் கிழியாமலே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே கசியலாம். இடுப்பு வளையம் உடைந்தால் இன்னும் கூடுதல். இடுப்பைப் பிடித்து ஆட்டிச் சோதிக்கக் கூடாது. ஐயம் இருந்தாலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். இடப்பக்க விலாவில் அடிபட்டு இடத் தோள்பட்டை வலிக்கிறது என்பவருக்குத் தோளில் காயமே இருக்காது. மண்ணீரல் கிழிந்து கசியும் இரத்தம் உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது என்று மேலே பார்த்தோம். அந்த உறவால் மூளை வலியைத் தோளில் உணர்கிறது.

வெளியே பீறிடும் இரத்தத்துக்கு மருந்து அழுத்தமே. வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் நழுவிக் காலில் பட்டால், சுத்தமான துணியை வைத்து முழு எடையோடு அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்க்கக் கூடாது. காப்பித்தூளும் மஞ்சளும் அப்புவதால் இரத்தம் நிற்பதில்லை, காயத்தைச் சுத்தம் செய்யும் வேலைதான் கூடுகிறது. அழுத்தியும் நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே இறுக்குப் பட்டை கட்டி, கட்டிய நேரத்தைக் குறிக்க வேண்டும்.

நாடியும் மூச்சும் இல்லாதவருக்கு மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வேலை.

நரம்பு நிலை

விழிப்பாக இருக்கிறாரா, அழைத்தால் எழுகிறாரா, கிள்ளினால்தான் அசைகிறாரா, எதற்கும் அசையவில்லையா? முதல் பார்வைக்கு இந்த நான்கு படிகள் போதும். விரிவாக அளக்க, 1974-இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அமைத்த அளவுகோல் பயன்படுகிறது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15. எதுவுமே இல்லாதவருக்கும் 3. எட்டும் அதற்குக் கீழும் என்றால் அவர் தம் காற்றுப் பாதையைத் தாமே காத்துக்கொள்ள மாட்டார் என்று கொள்ள வேண்டும். ஒரு கண்மணி மட்டும் விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் இருந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று அஞ்ச வேண்டும்.

பேருந்து நிலையத்தில் உளறிக்கொண்டு தள்ளாடி விழுபவரைப் 'போதை' என்று தள்ளிவிட்டுப் போவது எளிது. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடத் தவறியவரும் அப்படியேதான் உளறுவார், வியர்ப்பார், விழுவார். விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். 70-க்குக் கீழே இருந்தால் மூளை பட்டினி கிடக்கிறது. மது வாடை வந்தாலும் சோதிக்க வேண்டும். குடித்தவருக்கும் சர்க்கரை குறையும், தலையில் அடியும் படும்.

பக்கவாதத்துக்கு முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பார்க்கிறோம். இதில் கேட்டறிய வேண்டியது கடைசியாக நன்றாக இருந்த நேரம். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். விடியற்காலையில் எழுந்தபோதே கை வராமல் இருந்தது என்றால், இரவு படுக்கப்போன நேரத்திலிருந்துதான் கணக்கு.

வயல் சூழ்ந்த ஊர்களுக்கு உரிய இன்னொரு நோயாளி, தரையில் பாய் விரித்துப் படுத்திருந்து, இரவில் கட்டுவிரியன் கடித்தவர். அதன் பல் மெல்லியது. பல நேரம் வலியோ வீக்கமோ தடமோ இருக்காது. கடித்ததே தெரியாமல் விடியும்போது வயிற்று வலி, வாந்தி என்பார். வீட்டார் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். இந்த நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குகிறது. முதலில் மிகச் சிறிய தசைகள் தளரும்: இமை தொங்கும், பார்வை இரட்டையாகும். பிறகு விழுங்க முடியாது, கழுத்து நிற்காது, கடைசியில் உதரவிதானம். அதனால் காலையில் வயிற்று வலி என்று கூப்பிடும் வீட்டில் நுட்புநர் நோயாளியை மேலே பார்க்கச் சொல்ல வேண்டும், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று கேட்க வேண்டும். முதலில் இருபது வரை எண்ணியவர் கால் மணி நேரத்தில் பன்னிரண்டில் நின்றால் ஆம்பு பையைக் கையில் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. முழுதும் செயலிழந்தவர் கண்ணும் அசையாமல் இறந்தவர் போலவே கிடப்பார். ஆனால் நாடி இருக்கும், காதும் கேட்கலாம். மூச்சை மட்டும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் பிழைக்கக்கூடும். இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் எந்தப் பாம்புக்கும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே எதிர்நஞ்சுதான். எனவே பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவருவதில் நேரத்தைச் செலவிடக் கூடாது.

"உடம்புக்கு என்ன செய்யுது?"

உடனடி ஆபத்துகளைக் கவனித்த பிறகு கேள்விகள். என்ன தொந்தரவு, எதற்காவது ஒவ்வாமை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், முன்பு என்ன நோய், கடைசியாக எப்போது சாப்பிட்டார், இது தொடங்கும்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்ற ஆறும் தெரிய வேண்டும். வீட்டாரிடம் மாத்திரை அட்டைகளைப் பையோடு வாங்கிக்கொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பயிற்சி நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, நோயாளிகள் நெல்லைத் தமிழில் பேசுகிறார்கள். "நெஞ்சு அடைக்கு", "நெஞ்சு கரிக்கு", "மூச்சு முட்டுது", "கிறுகிறுன்னு வருது" என்பவை நான்கு வேறு செய்திகள். அடைப்பு என்பவர் அழுத்தத்தைச் சொல்கிறார். கரிப்பு என்பவர் பெரும்பாலும் எரிச்சலைச் சொல்கிறார். கிறுகிறுப்பு என்பது தலை சுற்றலா, கண் இருண்டு மயக்கம் வருவதா என்று மறுபடி கேட்டால்தான் தெரியும். நோயாளியின் சொல்லை அப்படியே குறிப்பில் எழுதிக்கொள்வது நல்லது. மொழிபெயர்க்கும்போது ஏதாவது ஒன்று தொலைந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் 'வாய்வு'. நெஞ்சின் நடுவில் பாரம், இடக்கை குடைச்சல், வேர்வை என்று வரும்போது நம்மவர் முதலில் சொல்வது வாய்வு பிடித்திருக்கிறது என்பதுதான். சோடா வரும், இஞ்சிச் சாறு வரும், ஒரு ஏப்பம் விட்டதும் எல்லாருக்கும் நிம்மதியாகும். இதயமும் உணவுக்குழலும் மார்புக்குள் ஒட்டினாற்போல் இருக்கின்றன, அவற்றின் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புப் பாதைகளும் பின்னிக் கிடக்கின்றன. எந்த உறுப்பு வலிக்கிறது என்று நோயாளிக்கே தெரியாது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதி, இளைப்பு, குமட்டல் என்றும் மாரடைப்பு வரலாம். "வாய்வுதான், சரியாப் போயிரும்" என்று அண்ணாச்சி ஊர்தியில் ஏற மறுக்கும்போது அவரை வாதத்தில் வெல்ல வேண்டியதில்லை. "சரி அண்ணாச்சி, வாய்வாவே இருக்கட்டும். ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு வந்துருவோம்" என்றால் பெரும்பாலும் எழுந்து வருவார்.

பெண்களிடம் கேட்கும் கேள்விக்குக் கணவரோ மாமியாரோ பதில் சொல்லும் வீடுகள் உண்டு. மாதவிலக்கு தள்ளியிருக்கிறதா என்று அவர்கள் முன்னால் கேட்டால் உண்மை வராது. அடிவயிற்று வலியோடு மயங்கிய இளம்பெண்ணுக்குக் கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்கலாம் என்பதால், இக்கேள்வியைக் கேட்காமல் விடவும் முடியாது. அவரை ஊர்தியில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு, "தனியாத்தான் இருக்கோம், சொல்லும்மா" என்று கேட்பது நல்லது.

வழியிலும் வாசலிலும்

தலை முதல் கால் வரை துணியை விலக்கிப் பார்ப்பது, முதுகையும் தவறாமல் தடவிப் பார்ப்பது, பார்த்ததும் போர்த்துவது ஆகியவை ஊர்தி ஓடும்போதே நடக்கலாம். அடிபட்டவர் குளிர்ந்தால் இரத்தம் உறைவது குறையும். சித்திரை வெயிலிலும் போர்வை வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

அளவீடுகள் ஒரு தடவையோடு முடிவதில்லை. நிலை மோசமானவருக்கு 5 நிமிடத்துக்கு ஒரு முறை, மற்றவருக்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி எடுக்க வேண்டும். பாபநாசத்தில் ஏற்றியவர் ஐகிரவுண்டு சேர ஒரு மணி நேரம் என்றால் பன்னிரண்டு தடவை. நாடி 96 என்ற ஒற்றை எண் எதுவும் சொல்லாது. 96, 104, 112, 124 என்ற வரிசை எல்லாம் சொல்லிவிடும்.

மருத்துவமனை வாசலில் அவசர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிக்கிறது. அங்கே ஒப்படைக்கும்போது நீண்ட கதை கூடாது. எடுத்துக்காட்டாக: "45 வயது ஆண். பனையிலிருந்து விழுந்தார், காலை 7.10. மூச்சு 24, நாடி 96-லிருந்து 124, பி.பி. 110. தோல் சில்லிட்டிருக்கிறது. முழு நினைவு. இடப்பக்க விலாவில் வலி, இடத் தோளிலும் வலி, தோளில் காயம் இல்லை. இரண்டு காலும் அசைக்கிறார். கழுத்துப் பட்டை, ஆக்சிஜன் கொடுத்தோம். காலையில் கூழ் குடித்திருக்கிறார்." அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். இதில் இரத்த அழுத்தத்தை மட்டும் கேட்ட மருத்துவர் அவரை மஞ்சளில் வைக்கக்கூடும். முழுதும் கேட்டவர் சிவப்பில் வைத்து, வயிற்றுக்கு ஸ்கேன் கேட்டு, இரத்த வங்கிக்கு ஆள் அனுப்புவார்.